எருமைக்கல் செடியின் பெயர்

ஆடுகள் ஒன்றையொன்று முட்டிச் செத்திருந்தன. ஏதோ இரண்டொரு ஆடு இல்லை, மொத்தக் கிடையும். ஓடைக்கரையில் ஒரு கிடாயின் கொம்பு இன்னொரு கிடாயின் வயிற்றுக்குள் புதைந்திருந்தது. இரண்டும் அப்படியே விறைத்துக் கிடந்தன. தாய் ஆடுகள் தங்கள் குட்டிகளையே பாறையோடு வைத்து நசுக்கியிருந்தன. ஈக்களின் சத்தம் தவிர அந்தக் காட்டில் வேறு சத்தமே இல்லை.

"சிறுத்தை வேலை இல்லீங்க மேடம்," என்றான் எங்கள் ஜீப் டிரைவர் மாதேஷ். "சிறுத்தைன்னா ஒண்ணத் தூக்கினு போயிரும். இதுங்க தானாவே அடிச்சிக்கினு செத்திருக்குதுங்க."

அது சித்திரை மாதம். எருமைக்கல் மலையில் உசிலை, வெள்வேல், கிளுவை எல்லாம் இலையைக் கொட்டிவிட்டு வெறும் குச்சியாக நின்றன. அந்த ஓடைக்கரையில் மட்டும் முழங்கால் உயரத்துக்கு ஒரு குத்துச்செடி பச்சைப் பசேலென்று இருந்தது. ஆடுகள் அதைத்தான் கடித்திருந்தன. நாலைந்து செடிகளில் வாய் வைத்திருந்தன, அவ்வளவுதான். மற்றவை முழுதாக நின்றன.

என் பெயர் மங்கையர்க்கரசி. புதுச் செடிகளைக் கண்டுபிடித்து, அவை எந்தக் குடும்பம், எந்த இனம் என்று வகைப்படுத்துவது என் பிழைப்பு. மழைக்காட்டில் வேலை செய்பவர்களுக்குக் கிடைக்கிற மரியாதை எங்களைப் போன்ற காய்ந்த காட்டுக்காரர்களுக்குக் கிடைக்காது. "அங்க என்ன இருக்கு, வெறும் முள்ளுதானே" என்று நிதி ஒதுக்குகிற அதிகாரிகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெஞ்சமின் அண்ணாச்சி குனிந்து செடியின் தண்டை விரலால் உருட்டிப் பார்த்தார். எங்கள் நிறுவனத்தில் உலர்ந்த செடி மாதிரிகளின் காப்பகத்துக்கு அவர்தான் பொறுப்பு. நாசரேத் பக்கத்துக்காரர். எருமைக்கல் மலைக்குப் பத்து வருடமாக வந்துகொண்டிருக்கிறார். எங்களை இங்கே கூட்டி வந்ததும் அவர்தான்.

"தண்டு சதுரமா இருக்கு. துளசிக் குடும்பம்தான் அரசி. ஆனா இந்தப் பூவ நம்மள்ல ஒருத்தரும் பாத்ததில்ல," என்றார். குரல் நடுங்கியது. எத்தனையோ செடிகளைத் தேடித் தந்த மனுஷர், ஆனால் கண்டுபிடித்தவர் என்று உலகத் தாவரப் பதிவகத்தில் அவர் பெயர் ஒருமுறைகூட ஏறியதில்லை. அந்த ஏக்கம் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"இருங்க சார், பொறி என்ன சொல்லுதுன்னு பாத்துருவோம்," என்றான் நவநீதன். எங்களில் இளையவன், மரபணு ஆள். அவன் கையில் இருந்த பொறியில் ஒரு இலைத்துணுக்கை வைத்தால் கொஞ்ச நேரத்தில் அதன் குலம் கோத்திரம் வந்துவிடும். புது இனமாக இருந்தால் காட்டில் நின்றபடியே செயற்கைக்கோள் வழியாகப் பதிவகத்துக்கு அனுப்பிவிடலாம். முதலில் அனுப்புகிறவருக்குத்தான் பெயர் வைக்கிற உரிமை. இப்போதெல்லாம் சட்டம் அப்படி.

அறியப்படாத இனம் என்று திரையில் வந்தது. "ஸ்தோத்திரம்," என்றார் அண்ணாச்சி. படம் எடுக்கப் பாறை மேல் ஏறினார்.

துளசிக் குடும்பம் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. இலையைக் கசக்கி முகர்வது எங்கள் தொழிலின் முதல் பாடம். பாதிச் செடிகளை மூக்காலேயே அடையாளம் சொல்லிவிடுவோம். எனக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு காய்ச்சலில் மோப்பம் அடியோடு போய்விட்டது. "மேடத்துக்கும் சேத்து நானே மோந்துடறேன்" என்பது நவநீதனின் வழக்கமான கேலி. அன்றும் அதைச் சொல்லிவிட்டு ஓர் இலையைக் கசக்கி மூக்கில் வைத்தான்.

அவன் முகத்தில் கோபமே தெரியவில்லை.  அமைதியாகத் திரும்பி, பக்கத்தில் நின்ற மாதேஷைக் கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து, அவன் காதைக் கடித்து இழுத்தான். மாதேஷ் அலறினான். நான் தண்ணீர்க் கேனைத் தூக்கி நவநீதனின் முதுகில் அடித்தேன், தலையில் அடித்தேன். அவன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். பல்லெல்லாம் ரத்தம். என் முழங்காலில் ஓர் உதை விட்டுவிட்டு மறுபடி மாதேஷின் குரல்வளைக்குப் போனான். அண்ணாச்சி ஓடி வந்து பின்னாலிருந்து அவனை அமுக்கினார். மூன்று பேரும் மண்ணில் புரண்டார்கள். கொஞ்ச நேரம் துள்ளிவிட்டு நவநீதன் சட்டென்று தளர்ந்தான். வாயிலிருந்ததைத் துப்பினான். அது என்னவென்று பார்த்ததும் வாந்தி எடுத்தான்.

"எல்லாம் தெரிஞ்சுது மேடம்," என்று அழுதான். "பண்றது நான்தான்னு தெரிஞ்சுது. பண்ணக் கூடாதுன்னு மட்டும் தோணவே இல்ல."

"அப்ப அந்த ஆடுங்க?" என்று கேட்டேன்.

"அதேதான். மேயிற ஆடு ஒண்ணையொண்ணு கொன்னுடுச்சுன்னா மிச்சச் செடி பொழச்சுக்கும். செத்ததெல்லாம் எருவாயிரும். வாசனை மூக்கு வழியா நேரா மூளைக்குப் போகுது. உங்களுக்கு மோப்பம் இல்ல, நீங்க கசக்கி மோந்தாலும் ஒண்ணும் ஆகாது."

புத்தியுள்ளவர்கள் அப்போதே ஜீப்பில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். நாங்கள் முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு மாதிரிகள் வெட்டினோம். புதுச் செடி கிடைத்துவிட்டால் எங்கள் ஆட்களுக்குக் கண்மண் தெரியாது. மாதேஷின் காதுக்குக் கட்டுப் போட்டு, வலி மாத்திரை கொடுத்து, ஜீப்பில் படுக்க வைத்தோம். "மாதிரி ஒரு சூடு காஞ்சிரட்டும், பொழுது சாயக் கிளம்பிருவோம்," என்றார் அண்ணாச்சி. கிளைகளைச் செய்தித்தாள்களுக்கு நடுவே பரப்பி, மரச்சட்டங்களுக்குள் வைத்து, வாரால் இறுக்கி, கூடாரத்துக்குள் அடுப்பின் மேல் வைத்தோம். அவர்கள் இரண்டு பேரும் சூடு தாங்காமல் முகத்துணியைக் கழற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்து தாள் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

வெயில் தாழ்ந்த நேரம். நான் வெளியே சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். கூடாரத்துக்குள் பேச்சு உரத்துக் கேட்டது.

"ஏத்தியாச்சு சார். மத்தியானமே பதிவகத்துக்குப் போயிருச்சு."

"யார் பேருலலே ஏத்துன?"

"என் பேரும் மேடம் பேரும்."

"என் பேரு?"

"அத ஊருக்குப் போய்ச் சொல்றேன் சார். கோவப்படாதீங்க." அவன் குரலில் சிரிப்பு இருந்தது.

"ஏலே, இந்த மலைய ஒனக்குக் காட்டுனதே நான்லா!"

பிறகு மடாரென்று ஒரு சத்தம். நான் உள்ளே ஓடினேன். அண்ணாச்சி மரச்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து நவநீதனின் முகத்தில் இறக்கிக்கொண்டிருந்தார். தாடை கோணிப்போயிருந்தது. அவன் எழப் பார்த்தான், மறுபடி இறக்கினார். சட்டம் உடைந்து செடிகளும் செய்தித்தாள்களும் சிதறின. அவர் வேர் தோண்டுகிற கொத்தை எடுத்தார். நான் அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினேன். என்னை உதறிய வேகத்தில் அடுப்பின் மேல் போய் விழுந்தேன். கை வெந்து நான் கிடந்தபோது கொத்து ஏறி இறங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மாதேஷ் ஜாக்கிக் கம்பியோடு வந்து அவர் தோளில் ஓங்கி அடித்த பிறகுதான் நின்றது. அதற்குள் நவநீதனுக்கு முகம் என்று ஒன்று இல்லாமல் போயிருந்தது.

அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து கொத்தையே பார்த்தார். "அரசி, அந்த எலதான?" என்று கேட்டார். "ஆமா அண்ணாச்சி, இலைதான்," என்றேன்.

போலீஸிலும் அதையே சொன்னேன், கோர்ட்டிலும் அதையே சொன்னேன். அடுப்புச் சூட்டில் இலையின் வாசனை கூடாரத்தில் நிரம்பிவிட்டது என்றேன். மனப்பூர்வமாக நம்பித்தான் சொன்னேன். எங்கள் காப்பகத்தில் நூறு வருடத்துக்கு முன் அழுத்திய புதினாத் தாளைத் திறந்தால் இன்றைக்கும் மணக்கும் என்பார்கள். உயிர்ச்செடியில் இருப்பதெல்லாம் உலர்ந்த மாதிரியிலும் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் எங்கள் தொழிலே நிற்கிறது. அதை யாரும் சந்தேகப்படவில்லை, அரசுத் தரப்பும் கேட்கவில்லை.

நீதிபதியின் முன்னால் ஒரு கண்ணாடி அறைக்குள் இரண்டு ஆடுகளை விட்டு, உயிரோடு இருந்த தொட்டிச்செடி ஒன்றை வைத்தார்கள். ஒன்று மற்றதை முட்டிக் கொன்றது. கொன்ற பிறகும் நிறுத்தவில்லை, கொம்பு முறியும்வரை கண்ணாடியை முட்டியது. நீதிபதி கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணாச்சி விடுதலையானார். அரசு மேல்முறையீடு செய்தது, அது உயர்நீதிமன்றத்தில் தூங்கியது. விடுதலையான அன்று கோர்ட் வாசலில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். ஒரு நல்ல மனுஷரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

பத்திரிகைகள் அதற்கு வெறியிலை என்று பெயர் வைத்தன. சரக்கு சந்தைக்கு வந்தது. எருமைக்கல் மலையை மொட்டையடித்தார்கள். பாகப்பிரிவினையில் தம்பியை வெட்டிய அண்ணனின் சட்டைப்பையில் இலை இருந்தது. மனைவியை எரித்தவனின் பையில் இலை இருந்தது. தேர்தல் தகராறில் ஒரு தெருவையே கொளுத்திய கும்பலில் ஆளுக்கொரு இலை வைத்திருந்தார்கள். முதலில் இலையை வாங்குவது, பிறகு அரிவாளை வாங்குவது என்று ஆகிவிட்டது. "நான் பண்ணலய்யா, இலை பண்ணுச்சு" என்று ஒவ்வொருவனும் சொன்னான், பாதிப் பேர் வெளியே வந்தார்கள். ஒவ்வொரு தீர்ப்பிலும் என் சாட்சியத்தை மேற்கோள் காட்டினார்கள். பேப்பரைப் பிரிக்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

இரண்டு வருடம் இப்படிப் போனது. அப்புறம்தான் தங்கராசு. இஷ்டப்பட்டவனைக் கல்யாணம் செய்துகொண்ட மகள் தாரணியைப் பஸ் ஸ்டாண்டில், அத்தனை ஜனத்துக்கு நடுவில், வெட்டினான். முதல் வெட்டைக் கையால் தடுத்தாள். கை போனது. "அப்பா, வேணாம்ப்பா" என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸுக்கு அடியில் ஊர்ந்தாள். காலைப் பிடித்து வெளியே இழுத்து வெட்டினான். சட்டைப்பையிலிருந்து இலையை எடுத்துப் போலீஸிடம் அவனே கொடுத்தான்.

அரசு வக்கீல் நூர்ஜஹான் என்னைத் தேடி வந்தார். உட்காரக்கூட இல்லை.

"அந்த இலைய சந்தையில வாங்கி ரெண்டு நாள் பையிலயே வச்சிருந்திருக்கான் மேடம். எனக்கு ஒரே கேள்வி. பறிச்ச இலைக்கு எவ்வளவு நேரம் வீரியம் இருக்கும்?"

"காஞ்சாலும் இருக்கும்."

"சோதிச்சுப் பாத்தீங்களா?"

 சோதிக்கவே இல்லை.

நிறுவனத்தில் தொட்டிச்செடிகள் இருந்தன. ஆடுகளை வாங்கிச் சோதித்தேன். செடியிலிருந்து பறித்த கையோடு நீட்டிய இலை ஆடுகளை வெறி பிடிக்க வைத்தது. கொஞ்சம் வாடவிட்டுக் கொடுத்தால் பாதி வெறிகூட இல்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கொடுத்த இலையை அவை சாதாரணத் தழையாகத் தின்றுவிட்டு அசைபோட்டன. உலர்த்தி, அதே கூடாரத்தில், அதே அடுப்பில் சூடாக்கிப் பார்த்தேன். ஆடுகள் கால் மடக்கித் தூங்கின. வாசனையை அளக்கிற கருவியும் ஒன்றுமில்லை என்றது. மறுபடி மறுபடி செய்தேன். ஒன்றுமே இல்லை. எருமைக்கல்லில் நாங்கள் இலை வெட்டியது காலையில். நவநீதன் செத்தது சாயங்காலம். நான் அந்த ஆடுகளுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொரு வேலையும் நூர்ஜஹான் செய்திருந்தார். குற்றப்பத்திரிகையில் எழுதச் செடியின் முறையான பெயர் வேண்டும் என்று பதிவகத்துக்கு உத்தரவு வாங்கியிருந்தார். அனுப்பியவன் இறந்துவிட்டதால் நவநீதனின் பதிவை அவர்கள் அதில் பெயர் இருந்த எனக்குக்கூடக் காட்டாமல் பூட்டி வைத்திருந்தார்கள். அது திறந்து என் கைக்கு வந்தது.

சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் காலையில் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். தனியாக இருந்தார். சோதனையைப் பற்றிச் சொன்னேன். அவர் திடுக்கிடவே இல்லை.

"தெரியும் அரசி," என்றார்.

"எப்படி?"

"அன்னைக்கு என் மூக்குல ஒரு வாசனையும் ஏறல. அவன் சிரிச்சான். அந்தச் சிரிப்பப் பாத்தேன், சட்டத்த எடுத்தேன். அவ்வளவுதான். அப்புறம் நீ எலன்னு சொன்ன. நானும் பிடிச்சிக்கிட்டேன்."

"நாளைக்கு நான் கோர்ட்டுல சொல்லப் போறேன்."

"சொன்னா என் மேல இருக்க அப்பீல் என்ன ஆவும்னு தெரியும்லா? இந்த வயசுல நான் ஜெயிலுக்குள்ளயே சாவணும். அவன் என் பேரப் போடலயே அரசி. பத்து வருசம். ஒரு வரி போட்டிருந்தா என்ன?"

"அந்தப் பொண்ண வெட்டினவன் வெளிய வந்துருவான் அண்ணாச்சி. அவனுக்கு அப்புறமும் வருவாங்க. நான் சொல்லித்தான் ஆகணும்."

நான் எழுந்தேன். அவர் எனக்கு முன்னால் எழுந்தார். முதலில் கதவை மறிக்கிறார் என்றுதான் நினைத்தேன். இரண்டு கையும் என் கழுத்தில் விழுந்தன. சுவரோடு சாத்தி இறுக்கினார். இருபது வருடம் என்னோடு ஒரே மேஜையில் சாப்பிட்ட மனுஷர். அவர் கட்டைவிரல் என் குரல்வளையைத் தேடி அழுத்தியது. கண் இருட்டியது. நகத்தால் அவர் முகத்தைக் கீறினேன், அடிவயிற்றில் முழங்காலால் இடித்தேன். அவர் மடங்கினார். நான் தரையில் விழுந்து இருமினேன். என் பையிலிருந்து தாளை எடுத்து அவர் பக்கம் எறிந்தேன்.

"படிங்க. நவநீதன் வச்ச பேரு."

மூச்சு வாங்கிக்கொண்டே அவர் அதைப் படித்தார். மறுபடி படித்தார்.

"பேரினம் எருமைக்கல்லியா. இனம் பெஞ்சமினி," என்றேன். எனக்குக் குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. "உங்க பேருதான். ஒருத்தர் பேரச் செடிக்கு வச்சா, கண்டுபிடிச்சவங்க வரிசையில அவர் இருக்கக் கூடாது. இருந்தா தன் பேரத் தானே வச்சுக்கிட்டதா ஆயிரும், கேவலம். இந்த வழக்கத்த எனக்கும் அவனுக்கும் சொல்லிக் குடுத்தது யாரு? அதுக்குத்தான் உங்களை விட்டான். ஊருக்கு வந்து சொல்லி உங்களைச் சந்தோஷப்படுத்தலாம்னு சிரிச்சான், பாவி."

"இல்ல," என்றார் அண்ணாச்சி. "இல்ல அரசி, இல்ல." தாளை மார்போடு வைத்துக்கொண்டு தலையைச் சுவரில் மோதத் தொடங்கினார். நான் தடுக்கவில்லை. நவநீதனுக்காக எனக்கு வந்த அழுகையில், அவருக்கென்று ஒரு சொட்டும் மிச்சம் இல்லை.

மறுநாள் கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு கூண்டில் ஏறினேன். எதிர்க் கூண்டில் தங்கராசு வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, தெம்பாக நின்றான். கடைசி வரிசையில் அண்ணாச்சி இருந்தார். நெற்றியில் கட்டு. யாரும் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை.

"இந்த இலை எந்தச் செடியோடது?" என்று நூர்ஜஹான் கேட்டார்.

பெயரைச் சொன்னேன். டைப் செய்தவருக்குப் புரியவில்லை. "இன்னொரு தடவ மேடம், மெதுவா," என்றார். இன்னொரு தடவை மெதுவாகச் சொன்னேன்.

"பறிச்ச இலைக்கு எவ்வளவு நேரம் வீரியம் இருக்கும்?"

"ஒரு மணி நேரத்துக்குள்ள செத்துரும். அப்புறம் அது வெறும் தழை. ரெண்டு நாள் பையில இருந்த இலையால ஒரு எறும்பக்கூடக் கொல்ல வைக்க முடியாது. அந்தப் பொண்ண வெட்டினது அவங்க அப்பாதான்."

தங்கராசுவின் வக்கீல் துள்ளி எழுந்தார். "பெஞ்சமின் தேவதாஸ் வழக்கில, காஞ்ச இலைதான் கொலை பண்ண வச்சதுன்னு இதே கோர்ட்டில சத்தியம் பண்ணிச் சொன்னது நீங்கதானே? அப்ப அது பொய்யா?"

"அப்ப நான் அத நம்பினேன். தப்பு."

"தப்புன்னா? அந்தக் கூடாரத்தில செத்தவரக் கொன்னது யாரு? வாய் விட்டுச் சொல்லுங்க, பதிவாகட்டும்."

 நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி எழுந்துவிட்டார். வாசல் பக்கம் போகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நடுவழியாக நேரே முன்னால் நடந்து வந்தார். காவலர் தடுக்கக் கை நீட்டினார். அண்ணாச்சி அந்தக் கையைத் தள்ளவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே போய், குற்றவாளிக் கூண்டில் ஏறி, தங்கராசுவின் பக்கத்தில் நின்றார்.